விரல் எங்கே படவேண்டும்?

மாலை வேளை. புதுச்சேரிக் கடற்கரையிலே காற்று வாங்க வந்தோர் கூட்டம். செஞ்சியிலிருந்து கொணர்ந்த கற்றூண்கள் சூழக் காந்தியார் சிலை ஒருபுறம். 1870 இல் எழுப்பப்பட்ட துய்ப்ளேயின் சிலை மற்றொருபுறம். கொடி இறங்கிற்று, கோட்டை போயிற்று, கொற்றமும் போயிற்று — துய்ப்ளே மட்டும் நிற்கிறார்! இந்தக் கரையிலே ஒரு பெரிய மின்திரையை நிறுத்தி, இங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்களின் கதையை, பார்ப்பவர் கைபட்டால் மாறி மாறி விடையளிக்கும் கணினிக் கலைப்படைப்பாக ஒரு கலைஞரைக் கொண்டு செய்விக்கலாமா என்று ஒருவர் கேட்டால், நாம் என்ன விடை பகர்வது?

"செய்விக்கத்தான் வேண்டும்!" என்று சொல்ல நாக்குத் துடிக்கிறது. மன்னர் கதை கேட்டுக் கேட்டு மரத்துப்போன செவிக்கு மாடோட்டியின் கதை வேண்டாமா! ஆனால் அவசரம் ஆகாது, தோழர்களே. செய்விப்பதா என்பது எளிய கேள்வி. செய்வித்தபின் பார்க்க வந்தவனுடைய விரலுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதே கடினமான கேள்வி.

முதலில் சரக்கு இன்னதென்று தெரிந்துகொள்வோம். அடிமை வாணிபம் என்றதும் ஆப்பிரிக்கக் கரையும் அட்லாண்டிக் கடலும் நம் நினைவுக்கு வருகின்றன. நம் கரை வருவதில்லை. பள்ளியிலே துய்ப்ளேயும் லபூர்தொனேயும் தொடுத்த போர்களை ஆண்டுவாரியாக ஒப்பித்தோம். லபூர்தொனே ஆண்ட மோரீசுத் தீவிலும், அடுத்திருந்த புர்போன் தீவிலும் — இன்றைய ரெயூனியன் — தோட்டத்திலும் துறைமுகத்திலும் முதுகொடிந்தவர் யார் என்று ஒப்பிக்கவில்லை. ஆப்பிரிக்கர், மலகாசியர், அவர்களோடு நம்மவர்! 1670 முதல் 1810 வரை இந்தியாவிலிருந்து அத்தீவுகளுக்கு அடிமைகளாகச் சென்றோர் ஏறத்தாழ 20,000 பேர், சற்று மிகுதியாகவும் இருக்கலாம் என்று ரிச்சர்டு ஆலன் எனும் வரலாற்றறிஞர் கணக்கிட்டுள்ளார்.

பிடித்தது எப்படி? அதற்குச் சான்று தமிழிலேயே இருக்கிறது. துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை தம் நாட்குறிப்பிலே, 1743 ஆம் ஆண்டில், ஏழை எளியவரை ஏய்த்து அழைத்துவந்து அடைத்துவைத்து, அடிமைகளாக விற்றுக் கப்பலேற்றிய கூட்டமொன்று அகப்பட்ட செய்தியை எழுதிவைத்திருக்கிறார். வாங்கியவன் வெள்ளையன். வலை வீசியவனோ தமிழ் பேசியவன்! வேலை தருகிறேன், வெற்றிலைபாக்குத் தருகிறேன் என்று வாஞ்சையோடு அழைத்தவன்! இதை மறவாது மனத்தில் இருத்துக. பின்னர் இதற்கே வருவோம்.

சட்டமும் ஒரு விளையாட்டு விளையாடிற்று. 1794 இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. 1802 இல் நெப்போலியன் மீண்டும் அதற்கு உயிர் கொடுத்தான். 1848 ஏப்ரல் 27 இல் மறுபடி ஒழித்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 20 இல் ரெயூனியனில் ஏறத்தாழ 62,000 பேர் விடுதலை பெற்றனர். அடுத்த ஆண்டே இழப்பீட்டுச் சட்டம் பிறந்தது. இழப்பீடு யாருக்கு? உடைமையை இழந்த முதலாளிக்கு! உழைப்பை இழந்தவனுக்கு ஒரு காசும் இல்லை.

விடுதலை பெற்றவன் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தான். ஆள் வேண்டுமே! புதுவையிலும் காரைக்காலிலும் மேஸ்திரிகள் கிளம்பினர். அடிமை என்ற சொல் அகன்று ஒப்பந்தம் என்ற சொல் வந்தது. 1853 மே மாதம் 'அவுரேலி' என்ற கப்பல் மார்த்தினிக் தீவை அடைந்தது. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்பை அடைந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல், குவாதலூப்புக்கு 42,000 பேருக்கு மேல், ரெயூனியனுக்கோ இலட்சத்தைத் தாண்டி! இடையில் ஒரு செய்தி: 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார், பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்திலே வதைபட்ட பெண்களுக்காகக் கண்ணீர் வடித்துப் பாடினார். அவர் நடந்த மணலிலிருந்தே எத்தனை கப்பல்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போயிருந்தன!

இனி விரலுக்கு வருவோம்.

டென்மார்க்கு நாட்டின் சீரியஸ் கேம்ஸ் இன்டராக்டிவ் என்ற நிறுவனம், மாணவர்க்கு வரலாறு புகட்டும் நோக்கோடு 2013 இல் அடிமை வாணிபம் பற்றிய கணினி விளையாட்டொன்றை வெளியிட்டது. அதன் ஒரு கட்டத்திலே, மேலிருந்து விழும் கறுப்பு மனித உருவங்களைத் திருப்பித் திருப்பிக் கப்பலின் அடித்தளத்தில் இடைவெளியின்றி அடுக்கவேண்டும். அடுக்க அடுக்க வெற்றி! கண்டனம் வெடித்தது, 2015 இல் அப்பகுதியை நீக்கினர். கொடுமையின் அளவை உணர்த்தவே அப்படிச் செய்தோம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் கெட்டவர்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் உடலை அடுக்கிய குழந்தையின் விரல் எதைக் கற்றது? அடுக்கும் திறமையை!

இன்னொரு காட்சி. 2014 இல் நியூயார்க்கு நகரிலே, டொமினோ எனும் பழைய சர்க்கரை ஆலைக்குள், காரா வாக்கர் என்ற கறுப்பினக் கலைஞர், ஒரு கலை அமைப்பு செய்வித்ததன் பேரில், சர்க்கரை பூசிய மாபெரும் கறுப்பினப் பெண்ணுருவை எழுப்பினார். கரும்புக்காக அழிந்தோருக்கான வணக்கம் அது. பார்க்க வந்தோரில் பலர் உருகி நின்றனர். சிலர் அந்த உருவின் மார்பையும் பின்புறத்தையும் தொடுவதுபோலப் பாவனை காட்டிப் பல்லிளித்துப் படம் எடுத்துக்கொண்டனர்! கலைஞர் என்ன செய்தார்? பார்க்க வந்தோரையே படம் பிடித்து, அதை ஒரு படைப்பாக வெளியிட்டார். பார்ப்பவன் பார்க்கப்பட்டான். அடடா, அதுவன்றோ அறிவு!

இவ்விரண்டையும் வைத்து எண்ணும்போது நமக்கு ஒன்று தெளிவாகிறது. புதுவைத் திரையிலே பார்வையாளனை அடிமையாக நடிக்க விடுதல் கூடாது. முகமூடியை மாட்டிக்கொண்டு, கப்பலின் அடித்தட்டு இருளிலே ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "ஐயோ, என்ன துன்பம்!" என்று கூறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பனிக்கூழ் வாங்கப் போகிறவன், துன்பத்தை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வான். அது துன்பத்தை அறிதல் அன்று, துன்பத்தை நுகர்தல். விற்கப்பட்டவனை இரண்டாம் முறை விற்பது!

விரல் சங்கிலியிலே படவேண்டாம், கணக்கேட்டிலே படட்டும் என்கிறோம் நாம். ஏட்டைப் புரட்டினால் பெயர், வயது, ஊர், எண். அப்பால் பிடித்துக் கொடுத்தவன், பெற்றுக்கொண்டவன், கப்பலுக்கு அரிசி விற்றவன், கையெழுத்திட்டவன். பார்வையாளன் அந்த வரிசையிலே ஒவ்வொருவனாகத் தொடட்டும். தொடுபவனெல்லாம், "நான் என்ன செய்தேன், தொழிலைத்தானே செய்தேன்" என்று கூறட்டும்.

சில இடங்களில் திரை பேசாமலே இருக்கட்டும். மதலேன் என்ற பெண் சந்திரநாகூரிலே பிறந்தவள். புதுவைக்குக் கட்டுப்பட்ட பிரெஞ்சுத் திட்டு அது. சிறுமியாகவே விற்கப்பட்டுப் பிரான்சுக்கும், பின் புர்போனுக்கும் கொண்டுபோகப்பட்டாள். அவள் மகன் புர்சி, 1817 இல், தான் உரிமையோடு பிறந்தவன் என்று வழக்காடினான். பிரெஞ்சு மண்ணை மிதித்தவள் அடிமையல்லள் என்பது அவன் பக்கத்துச் சட்டம். சிறையில் தள்ளினர், மோரீசுக்குக் கடத்தினர். 1843 டிசம்பர் 23 இல் பாரிசு நீதிமன்றம் அவன் உரிமையோடு பிறந்தவனே என்று தீர்ப்பளித்தது. 26 ஆண்டுகள்! அவன் பெயரைத் தொட்டவனுக்குத் திரை உடனே விடை தருதல் தகாது. காத்திருக்கட்டும், சலித்து நகர்ந்தால் நகரட்டும்.

"பிரெஞ்சுக்காரனைக் குற்றஞ் சாட்டினால் போதாதா, நம்மவரையும் ஏன் இழுக்கிறீர்?" என்று சினங்கொள்ளும் தோழரை நாம் அறிவோம். அவர் சினம் நமக்குப் புரிகிறது. பிரான்சின் குற்றத்தில் ஓர் அணுவையும் நாம் குறைத்துப் பேசவில்லை. அந்நாடே 2001 மே 21 இல் இயற்றிய சட்டத்தின் முதற்பிரிவிலே, அடிமை வாணிபத்தையும் அடிமை முறையையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என ஒப்புக்கொண்டு, துன்புற்றோராக ஆப்பிரிக்கர், அமெரிக்கப் பழங்குடியினர், மலகாசியரோடு இந்தியரையும் குறித்திருக்கிறது. புதுவை 1954 நவம்பரில் பிரான்சின் கையை விட்டு நீங்கி 46 ஆண்டுகளுக்கு மேல் கழித்து!

ஆனால் வெள்ளையன் வந்து கற்பித்தா நம்மவன் ஆளை விற்றான்? அவன் கப்பல் வருமுன்பே சேரி இருந்தது, பண்ணையாள் இருந்தான், நிலத்தோடு சேர்த்து அவனையும் அவன் பிள்ளைகளையும் கைமாற்றிய பத்திரம் இருந்தது. பஞ்சம் வந்தபோது முதலில் பட்டினி கிடந்தவன் எவனோ, அவனே முதலில் கப்பலேறினான். அவனைக் கீழ்ச்சாதி என்று எழுதிவைத்த சாத்திரமே கப்பலுக்குக் கட்டிய பாலம். கொத்தடிமை முறையை ஒழிக்கச் சுதந்திர இந்தியாவுக்கு 1976 இல் தனிச் சட்டம் தேவைப்பட்டதே, ஏன்? சாதியை விட்டுவிட்டுச் சங்கிலியை மட்டும் காட்டும் திரை, பாதிக் கணக்கை மறைத்த கணக்கேடு.

பணம்? பிரெஞ்சு அரசு கொடுத்தால் வாங்கலாம், தவறில்லை. கடன்பட்டவன் கொடுப்பது கொடையாகாது. ஆனால் கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பணத்தோடு சேர்ந்து வரக்கூடாது. நம் சர்க்காருக்கும் அதே கட்டுப்பாடு. சுற்றுலாத் துறையின் விளம்பரமாக அது ஆகிவிட்டால், தெருவிளக்கின் கீழ் இன்னொரு சிலை, அவ்வளவே. தேர்வுக் குழுவிலே ரெயூனியனிலிருந்தும் குவாதலூப்பிலிருந்தும் ஊர்ப்பெயர் தேடி இங்கே வருவோர் அமரவேண்டும். அவர்களோடு இவ்வூர்ச் சேரிகளில் இன்றும் வாழ்வோர் அமரவேண்டும். முன்னவருக்கு மரியாதை செய்து பின்னவரை வாயிலில் நிறுத்தும் வழக்கம் நமக்குக் கைவந்த கலை. ஆதலால் இதைக் கலைஞரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுதல் நலம்.

நுழைவுக் கட்டணம் வேண்டாம். மாலையும் ஊதுபத்தியும் வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு வருக என்ற பலகையும் வேண்டாம்.