கேட்கும் செவி யாருடையது?

1966ஆம் ஆண்டு அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்னும் கணினி நிரலை வெளியிட்டார். நாம் தட்டெழுதும் வாக்கியத்தையே வினாவாக்கித் திருப்பி, உளவைத்தியர்போல் அது உரையாடியது. அதற்கு எதுவும் விளங்காது. அந்நிரல் உருவானதை அருகிருந்து கண்ட காரியதரிசியே, அதனுடன் தனித்து உரையாட வேண்டி, அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு கேட்டார். திகைத்த வைசன்பாம், யந்திரத்தால் இயலுமா என்பதன்று, அதனிடம் ஒப்படைக்கத் தகுமா என்பதே வினா என்று 1976இல் நூலொன்று எழுதி வாதிட்டார்.

இன்று அத்தகைய செவிகள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. வைத்தியர் இல்லாத இடத்தில் இதுவேனும் இருக்கட்டும் என்பர் சிலர். நள்ளிரவில் துணையற்றுத் தவிப்பவனுக்கு அது ஆறுதலளிக்குமாயின் அதை இகழ்வது நமக்கு அழகன்று. ஆயின், வைத்தியர் இல்லாமை இயற்கையின் நியதியா? பணத்தை எதற்கு ஒதுக்குவது என்று ஆள்வோர் செய்த முடிவின் விளைவன்றோ அது! வெற்றிடத்தை யந்திரத்தால் மூடிவிட்டால், அதை நிரப்பவேண்டிய கடமையும் மறைந்துபோகும். வசதியுள்ளவனுக்கு மனிதன், வறியவனுக்கு யந்திரம் என்பதே வழமையாகிவிடும்.

இணையவழி உளவளத்துணை வழங்கும் 'பெற்றர்ஹெல்ப்' என்னும் கம்பெனி, நாடிவந்தோரின் தகவல்களை விளம்பரத்துக்காக முகநூல் முதலியவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2023இல் 78 இலட்சம் டொலர் செலுத்தக் கம்பெனி இணங்கிற்று. அங்கே செவிமடுத்தோர் மனிதரே. ஆதலின் பழி, துயரையும் சரக்காக்கும் இலாபத்தையே சாரும்.

யந்திரத்தை உடைத்தெறிவதால் இது தீராது. அது யார் கையில், யாருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டு இயங்குகிறது என்று கேட்பதும், ஊர்தோறும் வைத்தியரையும் உளவளத்துணையாளரையும் கோருவதுமே நம் வேலை.