அரைக்காசு உத்தியோகம்

'அரைக்காசு உத்தியோகமா இருந்தாலும் அரசாங்க உத்தியோகமா இருக்கணும்' என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்க உண்டு. எங்கள் பக்கத்தில் அந்தக் காசைக் கையில் தொட்டே பார்க்கலாம். பொன்னமராவதி பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்து மண். 1948இல் இந்தியாவோடு சேரும்வரை சமஸ்தானத்துக்கென்று தனியாக அம்மன் காசு இருந்தது. திருக்கோகர்ணம் பிரகதாம்பாளை இன்றும் அரைக்காசு அம்மன் என்றுதான் சொல்கிறார்கள். சில வீடுகளில் பழைய மரப்பெட்டியைத் துழாவினால் அந்தச் செப்புக்காசு ஒன்றிரண்டு கிடைக்கும். ராஜா போய்விட்டார், காசும் செல்லாக்காசு ஆகிவிட்டது, உத்தியோகத்தின் மவுசு மட்டும் அப்படியே இருக்கிறது. 2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேர்.

இதை 'சோம்பேறித்தனத்துக்கு ஆசைப்படும் கூட்டம்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப்போல ஐடியில் இருப்பவர்கள். அவர்கள் ஏழாவது ஊதியக் குழு அறிக்கையைப் பார்க்கவேண்டும். 2015இல் வந்த அந்த அறிக்கைக்காக அகமதாபாத் ஐஐஎம் ஓர் ஒப்பீடு செய்து கொடுத்தது. அரசின் கடைசிப் படியில் இருக்கும் உதவியாளருக்கு மாதம் 22,579 ரூபாய். அதே வேலைக்குத் தனியாரில் 8,000 முதல் 9,500 வரை. மேலே போகப்போக இது தலைகீழாகிறது. ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளருக்கு அடிப்படைச் சம்பளம் 2,25,000. பெங்களூரில் நடுத்தரமான ஓர் ஆர்க்கிடெக்ட் இதைவிட அதிகமாக வாங்குகிறார். ஆக, 'அரசு ஊழியருக்குச் சம்பளம் ஜாஸ்தியா?' என்ற கேள்விக்கு எந்தப் படிக்கட்டில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில். கீழ்ப்படியில் இருக்கிற வித்தியாசத்தைப் பார்த்து அரசு அள்ளிக்கொடுக்கிறது என்கிறார்கள். ஒன்பதாயிரம் ரூபாயில் ஒரு குடும்பம் மாதம் முழுக்க ஓடும் என்று நம்புகிற சந்தையில்தான் கோளாறு என்று எனக்குப் படுகிறது. பொன்னமராவதியில் நிலமோ கடையோ சிங்கப்பூர் விசாவோ இல்லாத ஒரு பையனுக்கு, கல்யாணம் பண்ணிக்கொள்கிற அளவுக்குச் சம்பளம் தர முன்வருகிற முதலாளி அரசாங்கம் மட்டும்தான். அவன் குரூப் 4 புத்தகத்தை ஏன் நெஞ்சில் வைத்துத் தூங்குகிறான் என்பதற்கு உளவியல் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

ஆனால் சம்பளம் சுலபமான பாதிதான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மச்சான் மறுபாதியைக் கேட்டார். "மாப்ள, நீ ஒழுங்கா வேலை பாக்கலைன்னா ஒன்னைத் தூக்கிருவான்ல? சரக்கு மோசம்னா எங்கிட்ட எவனும் வரமாட்டான். அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கவன மட்டும் ஏன் ஒருத்தனும் அசைக்க முடியல?" பட்டா மாறுதலுக்காக நாலு தடவை நடந்து திரும்பிய கோபம் அதில் இருந்தது. நியாயமான கோபம்.

முதல் பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது. தனியாரில் வேலை போவதற்கும் திறமைக்கும் வெளியே நினைக்கிற அளவு சம்பந்தம் இல்லை. குழுவில் எத்தனை பேர் நன்றாகச் செய்தாலும் இத்தனை பேர் 'சுமார்' என்று முன்கூட்டியே கோடு போட்டுவைக்கிற பெல் கர்வ் முறை பல வருஷம் எங்கள் துறையை ஆண்டது. மைக்ரோசாஃப்ட் அதை 2013இல் கைவிட்டது. 2025இல் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, ஒரே வருஷத்தில் அத்தனை பேருக்கும் மூளை மழுங்கிவிட்டதாக யாரும் நம்பவில்லை. ப்ராஜெக்ட் முடிந்தால் ஆள் முடிந்தது. பயத்துக்கு நாங்கள் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மறுபாதி கஷ்டம். அளந்து பணம் கொடுத்தால் அரசிலும் வேலை நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. மாணவர்களின் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்து ஆசிரியர்களுக்குச் சின்ன ஊக்கத்தொகை கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். இந்தோனேசியாவிலோ ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை நிபந்தனை இல்லாமல் இரட்டிப்பாக்கினார்கள். ஆசிரியர்கள் சந்தோஷமானார்கள், பக்கத்து வேலைகளை விட்டார்கள், பிள்ளைகளின் படிப்பு நகரவில்லை. மச்சான் இதைக் கேட்டுத் தொடையில் தட்டினார். "அதத்தான மாப்ள நானும் சொல்றேன்!"

கணக்குப் பாடத்தை அளக்கலாம். ஒரு கிராம நிர்வாக அலுவலர் செய்யாமல் விட்டதை எப்படி அளப்பது? அதாவது, அவர் போட மறுத்த கையெழுத்தை?

அரசியலமைப்பின் 310ஆம் பிரிவு, அரசு ஊழியர் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநரின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருக்கலாம் என்கிறது. பழைய மகாராஜாக் கணக்கு. அடுத்த 311ஆம் பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது. குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, அவர் தரப்பைக் கேட்காமல் சாதாரணமாக நீக்கக்கூடாது. இதை ஊழியருக்குக் கொடுத்த பரிசாகவே எல்லோரும், ஊழியர்கள் உட்பட, நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஜெயித்த கட்சிக்காரனுக்கே வேலை. 1881இல் வேலை கிடைக்காத ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். இரண்டு வருஷம் கழித்துத் தேர்வு வைத்து ஆளெடுக்கவும், கட்சிக்கு நிதி தராததற்காக ஆளை நீக்காமல் இருக்கவும் பெண்டில்டன் சட்டம் வந்தது. நம் மெட்ராஸ் மாகாணத்தில் 1929இலேயே தேர்வாணையம் வந்துவிட்டது. இவையெல்லாம் ஊழியர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று செய்த ஏற்பாடுகள் அல்ல. மந்திரியின் ஆள் வந்து மேஜையில் கையூன்றி நிற்கும்போது, 'முடியாதுங்க' என்று சொல்வதற்காக. அந்தப் பாதுகாப்பு மேஜைக்கு அந்தப் பக்கம், பட்டாவுக்காக வரிசையில் நிற்கிற என் மச்சானுடையது. ஊழியர் அதற்குக் காவல்காரர் மட்டுமே.

அந்த 'முடியாது'க்கு விலை உண்டு. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே வெட்டினார்கள். எங்களுக்குப் பக்கத்துத் திருமயத்தில் 2025 ஜனவரியில் ஜகபர் அலி லாரி மோதி இறந்தார். கல்குவாரி முறைகேடுகள் பற்றி அதிகாரிகளுக்கு மனுமேல் மனு போட்டவர். அது விபத்தல்ல, கொலை என்று வழக்காகி சிபிசிஐடிக்குப் போனது. அவருக்கு 311ஆம் பிரிவு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. எந்தச் சம்பளமும் வாங்காத ஒருவர் குவாரிக் கணக்கைக் கேட்கவேண்டி வந்தது என்றால், அதைக் கேட்கவே பாதுகாப்பும் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்த மேஜைகள் என்ன செய்துகொண்டிருந்தன? வேலைக்கு லேட்டாக வருகிற குமாஸ்தாமேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. மறுக்கவேண்டிய இடத்தில் மறுக்காதவர், வாங்கிய சம்பளத்தை அல்ல, அந்தப் பாதுகாப்பையே திருடுகிறார்.

இப்போது 2003க்கு வருகிறேன். அந்த ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரச் சட்டம் வந்தது. சுமார் 1,70,000 பேர் விசாரணை இல்லாமல் வேலை இழந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு அடிப்படை உரிமையும் இல்லை, தார்மீக நியாயமும் இல்லை என்றது. பெரும்பாலோர் மன்னிப்பு எழுதிக்கொடுத்துத் திரும்பினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். டீக்கடைகளில் ஒரே கொண்டாட்டம். 'நல்லா வேணும்' என்று சொல்லாத ஆள் இல்லை. அசைக்கவே முடியாது என்று நினைத்த நாற்காலி ஒரே வாரத்தில் கவிழ்ந்ததைப் பார்க்கிற சந்தோஷம் அது. அதே வருஷம் ஏப்ரல் 1 முதல் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றாகியிருந்தது. நவம்பரில் மதுக்கடைகளை டாஸ்மாக் எடுத்தபோது, கடை ஊழியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். அரசாங்கம் முதலாளியாக நடந்துகொள்ளக் கற்ற வருஷம் என்று அதைச் சொல்வேன்.

அந்தப் பாடம் இன்னும் நடக்கிறது. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். ஓவியம், தையல், உடற்பயிற்சி, கணினி. அப்போது மே மாதம் சம்பளம் கிடையாது. 2015இல் செவிலியர்களைத் தேர்வு வைத்து எடுத்து 7,700 ரூபாய் கொடுத்தார்கள். ஒரே வார்டில், ஒரே ஊசியைப் போடுகிற இரண்டு பேரில் ஒருவருக்குப் பல மடங்கு சம்பளம். மச்சானின் கோபத்துக்கு அரசு கண்டுபிடித்த பதில் இதுதான். நிரந்தரமானவரை வேலை வாங்கவில்லை. அவர் பக்கத்தில் பயந்த ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தது.

"அது பரவால்லயே மாப்ள," என்றார் மச்சான். "அந்தப் பொண்ணுங்கதான் ஆஸ்பத்திரியில ஓடியாடி வேலை பாக்குதுங்க."

உண்மைதான், ஓடுகிறார்கள். மருந்து ஸ்டாக் கணக்கு இடிக்கிறது, சும்மா கையெழுத்துப் போடும்மா என்று மேலதிகாரி சொன்னால், வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன சொல்வாள் என்று கேட்டேன். மச்சான் கொஞ்ச நேரம் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் போனபிறகு, "போடத்தான் செய்யும்," என்றார். அப்புறம் தன் பட்டா ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க யாருக்கோ போன் போட்டார். தாலுகா ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணிடமாம். அவரும் தற்காலிகம்.