முற்றத்து மண்ணும் ஓரறிவு உயிரும்

வீட்டு முற்றத்தில் புதுப் புல் பதிக்கும் முன், இருக்கிற புல்லையும் களையையும் அகற்றி, மண்ணை அரை அடி ஆழம் கொத்திக் கட்டி உடைத்து, தொழு உரம் கலந்து மட்டம் பார்க்க வேண்டும். வேரும் மண்ணுமாகப் பாய்போல் சுருட்டி வரும் புல்லை அதன் பிறகே விரிக்கலாம். ஒரு புல்லுக்கு இடம் கொடுக்க, இன்னொரு புல்லையும் அதனடியில் வாழ்வனவற்றையும் அழிப்பது கொலையாகுமா? உழவைப் பற்றியும் இதே கேள்வி எழுந்ததுண்டு. உழவருக்குச் சோறு என்ற பதில் இருக்கிறது. கண்ணுக்கு அழகாக விரிக்கும் புல்தரைக்கு அந்தப் பதில் கிடையாது.

இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தது சமணம். மண், நீர், தீ, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட உயிர்களும் தாவரங்களும் தொடு உணர்வு மட்டுமே உடைய ஓரறிவு உயிர்கள் என்பது அதன் கொள்கை. தொல்காப்பிய மரபியலும் புல்லை ஓரறிவிலேயே வைக்கிறது. சமணக் கணக்கில் புழுவுக்கு இரண்டறிவு, எறும்புக்கு மூன்று. ஈர மண்ணில் மண்வெட்டியை ஒருமுறை போட்டுப் புரட்டினால் மூன்று படிகளும் கண்முன் கிடக்கும்: அறுபட்ட கோரைக்கிழங்கு, வெளிச்சம் பட்டுச் சுருளும் மண்புழு, முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடும் எறும்பு.

சமண முனிவர் மண்ணைத் தோண்டுவதே இல்லை. இல்லறத்தாரிடம் அவ்வளவு கேட்கப்படுவதில்லை. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்தவர்கள்தாம். இயங்கும் உயிரை வேண்டுமென்றே கொல்லாமை, ஓரறிவு உயிர்க்கு நேரும் துன்பத்தைத் தேவையோடு நிறுத்துதல் என்பதே அவர்களுக்குரிய எல்லை. சமண ஆசாரியர் சமந்தபத்திரர் இல்லறத்தாருக்கு எழுதிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் பயனின்றி மண்ணைக் கிளறுவதையும், நீரைச் சிந்துவதையும், செடியை அறுப்பதையும் அனர்த்த தண்டம் என்ற குற்றத்தில் சேர்க்கிறது. ஆகவே வழக்கு ‘பயன்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. புழுதி அடங்குவதும், மழையில் மண் அரிக்காமல் இருப்பதும், குழந்தைகள் விழுந்து விளையாட இடம் கிடைப்பதும் பயன்தான். பக்கத்து வீட்டைப் பார்த்துப் போடும் புல்லுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

பௌத்தம் வேறு வழியில் போகிறது. பிக்கு நிலத்தைத் தோண்டக் கூடாது, பிறரைத் தோண்டச் சொல்லவும் கூடாது என்று பிக்குகளின் ஒழுக்க விதித்தொகுப்பான விநயம் விதிக்கிறது. ஆளவி என்ற ஊரில் பிக்குகள் மண் வெட்டியபோது, ஓரறிவு உயிரைத் துன்புறுத்துகிறார்களே என்று மக்கள் குறைகூறியதால் வந்த விதி அது. கல்லும் சரளையும் மிகுந்த மண் இந்த விதிக்குள் வராது. குவித்து வைத்த மண்ணும் நான்கு மாதத்துக்கு மேல் மழையில் நனைந்த பிறகே ‘உயிருள்ள நிலம்’ ஆகும். லாரியில் வந்து முற்றத்தில் கொட்டிக் கிடக்கும் மண்ணைப் பார்த்தால் இந்தக் கணக்கின் நியாயம் புரியும்: ஒரு மழைக்காலம் போதும், அதில் பச்சை படர்ந்துவிடும். இல்லறத்தாருக்கு இந்தத் தடை இல்லை. பௌத்தத்தில் வினையின் கனத்தை எண்ணமே தீர்மானிக்கிறது.

ஆகமங்களோ மண்ணைக் கிளறுவதைச் சடங்காகவே ஆக்கின. கோயில் எழும் முன் அந்நிலத்தில் குடியிருக்கும் பூதங்களுக்குப் பலியிட்டு, வேறிடம் செல்லுமாறு வேண்டுவர். பிறகு கர்ஷணம்: நிலத்தை உழுது, விதைத்து, வளர்ந்த பயிரைப் பசுக்கள் மேய விடுவர். வேண்டுகோள் புழுவை நோக்கியதன்று என்றாலும், நிலம் ஏற்கெனவே பிறருடைய இருப்பிடம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. வெற்றிடம் என்று எண்ணிக் கொத்துவதைவிட இது மேலானது.

நிலத்தை வெற்றிடமாக எண்ணுவதற்கும் பிறர் இருப்பிடமாக எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு வேலையிலும் தெரியும். களைக்கொல்லி தெளிக்காமல் கையால் களை பிடுங்கலாம். மேல்மண் மட்டும் புரளக் கொத்தலாம். வெளிப்பட்ட புழுக்களைப் பொறுக்கி, கொத்தாத ஈர நிழலில் விடலாம். புல் வேர்பிடித்த பின்னும் தண்ணீர் ஊற்றுவதும் கத்தரிப்பதும் தொடர்வதால், பயன் பற்றிய கேள்வி அடுத்தடுத்து எழும். நுகர்வுக்கு வரம்பு கட்டும் போகோபபோக பரிமாண விரதம் சமண இல்லறத்தாருக்கு உண்டு. அதன்படி பார்த்தால், குழந்தைகள் புரளப் பத்தடிக்குப் பத்தடி புல் போதுமென்றால், மீதி முற்றத்தை அருகும் கோரையுமாக இருக்கிறபடியே விட்டுவிட வேண்டும்.