பொய்யுலகும் பொய்வாக்கும்

"கிராணியாரே, கணக்குப் புத்தகம் பார்க்கும் கண்ணுக்கு இந்தப் பொய்க்கதைகள் எதற்கு?" என்று அண்மையில் நண்பரொருவர் கைபேசியிலே என்னைக் கேட்டார். தாப்பா நகரில் கடை வைத்திருக்கும் அவர் பகுத்தறிவில் உறுதி மிக்கவர். பறக்கும் குதிரையையும், பேசும் நாகத்தையும், கடல் நடுவே தோன்றும் மாயத் தீவையும் கூறும் நூல்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. தலைவாயில் வழியே வெளியேற்றிய புராணத்தைக் கொல்லைப்புறத்தாலே மீண்டும் அழைத்துக்கொள்வதா என்பது அவர் வினா.

வினா நியாயமானதே. ஆதலின் மழுப்பாமல் விடை கூற முயல்கிறேன்.

கற்பனை உலகம் என்றால் கட்டுப்பாடற்ற உலகம் என்று எண்ணுவது பிழை. நல்ல கற்பனை உலகில் கணக்கு உண்டு. ஜோனதன் ஸ்விப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவரின் பயணக் கதையிலே, லில்லிபுட் தீவின் மக்கள் ஆறங்குல உயரமுடையவர்கள். அவர்கள் கலிவருக்குச் சாப்பாட்டுக் கணக்குப் போடுகிறார்கள். உயரத்தில் பன்னிரு மடங்கெனின் பருமனில் எத்தனை மடங்கு என்று பெருக்கிப் பார்த்துத் தம்முள் ஆயிரத்தெழுநூற்றுக்கு மேற்பட்டோர் உண்ணும் உணவை அவ்வொருவனுக்கு அளக்கிறார்கள். ஆங்கில வழியிலே கற்றவனாதலால் இதனைச் சிறுவயதிலேயே படித்தேன். தோட்டத்து ஆப்பீசில் அமர்ந்த முதல் நாள் அந்தச் சின்னஞ்சிறு கணக்கர்களை நினைத்துக்கொண்டேன். வயிற்றை அளந்து படி அளக்கும் மேலதிகாரி எனக்கு வாய்க்கவில்லை என்பது வேறு கதை. டோல்கீன் 1937-இல் வெளிவந்த தமது 'ஹாபிட்' நூலுக்கு நிலப்படமே வரைந்து சேர்த்தார். படம் வரைந்துவிட்டபின் ஆறும் மலையும் ஆசிரியர் நினைத்தபடியெல்லாம் நகரமாட்டா.

இத்தகைய உலகங்களுள் என் உள்ளங்கவர்ந்தது எது என்று கேட்பின், மணிமேகலை கூறும் மணிபல்லவத் தீவே என்பேன். அந்நூலை இயற்றிய சாத்தனாரைக் கூலவாணிகர் என வழங்குவர். அஃதாவது தானிய வியாபாரி. படிக்கணக்கிலே அளந்து விற்றவர் அள்ள அள்ளக் குறையாத பாத்திரமொன்றைக் கனவு கண்டதில் வியப்பில்லை. அப்பாத்திரத்தின் வரலாறுதான் வியப்பு.

மதுரையிலே ஆபுத்திரன் என்பான் வீடுதோறும் இரந்து, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் யாவரையும் ஊட்டி, மிச்சத்தைத் தான் உண்டு வாழ்கிறான். அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியை அளிக்கிறாள். அவன் புகழ் கண்டு இந்திரன் வந்து வரம் தருவதாகச் சொல்ல, ஆபுத்திரன் நகைக்கிறான். அறம் செய்வாரும் பிறரைக் காப்பாரும் இல்லாத வானுலகை வைத்துக்கொண்டு எனக்கு நீ என்ன தரப்போகிறாய் என்பது அவன் பேச்சின் கருத்து. சினந்த இந்திரன் பழி தீர்த்த விதம் நூதனமானது. பாண்டி நாட்டிலே மழையைப் பெய்வித்தான்! விளைவு பெருகிற்று, பசித்தோர் இல்லை, பாத்திரத்துக்கு வேலையும் இல்லை. மழையின்றிச் சாவக நாட்டில் மக்கள் மாள்கிறார்கள் எனக் கேட்டு ஆபுத்திரன் கப்பலேறினான். சாவகமென்பது நமக்கு அண்மையிலுள்ள சாவாத் தீவு என்பர் ஆராய்ச்சியாளர். வழியில் மணிபல்லவத்திலே அவன் இறங்கி நிற்க, ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் இரவோடிரவாகப் போய்விட்டது. ஆளில்லாத் தீவு, கையிலோ வற்றாத பாத்திரம். தான் ஒருவனே உண்டு நெடுநாள் வாழ்ந்திருக்கலாம். அவனோ பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையிலே விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

அவன் செய்தது சரியா? இன்றுவரை நான் துணிந்து கூறமாட்டேன். இறந்தவன் எவருக்கும் சோறிட இயலாதே! ஆயினும், வற்றாத பாத்திரத்தைப் படைத்த புலவர் அதனைக் கொண்டு எல்லாருக்கும் எளிதாகச் சோறு போட்டுக் கதையை முடித்துவிடவில்லை. வாங்கும் கையில்லாத இடத்திலே அப்பாத்திரம் வெறும் சட்டி என்று விதித்தார். பாத்திரம் பொய், அந்த விதி பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை.

நண்பர் மறந்த செய்தி ஒன்றும் உண்டு. பெரியாரே 'இனி வரும் உலகம்' என்று ஒரு கற்பனை உலகை எழுதினார். கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்குமென்று 1940-களிலேயே அதிற் கூறினார். நண்பர் அத்தகைய கருவியைக் காதில் வைத்துக்கொண்டுதான் என்னுடன் வாதாடினார்!

வெறுக்கத்தக்க கற்பனை வேறொன்று உண்டு. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்குமென்று சொல்லி இலங்கைக்கு ஆள் சேர்த்த கதை இன்றும் வழங்குகிறது. மலாயாவுக்கு ஆள் கட்டிய கங்காணிகளும் இளைத்தவரல்லர். உதவி கொடுத்துத் தொழிலாளரை இங்கு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை அத்தகைய பேச்சு நம்மவர் கிராமங்களில் உலவிற்று. அவ்வுலகிலும் ஓர் அமுதசுரபி இருந்தது. அதை ஏந்துவோன் எதை இழக்கவேண்டும் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. கடனும் லயமும் விடியற்காலைப் பெரட்டும் கடல் தாண்டிய பின்னரே தெரிந்தன. சாத்தனார் தம் தீவைக் கதையென்று தந்தார். கங்காணி தன் கதையை ஊரென்று தந்தான்.

இப்பொழுது பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. கடல் தாண்டி வருவோர் வேறு நாட்டார். வங்காளதேசத்து இளைஞனொருவன் தன் முதற் சம்பள நாளன்று என் மேசைமுன் நின்று, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னர்க் கைபேசியை நீட்டினான். ஊரிலே தரகன் கொடுத்த படம்: வெள்ளைச் சுவர், மின்விசிறி, கட்டில், கீழே ஒரு தொகை. "இந்த இடம் எங்கே இருக்கிறது?" என்று உடைந்த மலாயிலே கேட்டான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் கையொப்பமிடும் இடத்தைச் சுட்டிக்காட்டினேன்.

இதனையும் நண்பருக்குச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "அந்தப் பையன் அன்றைக்குச் சாப்பிட்டானா?" என்று கேட்டார். நான் அதை விசாரித்திருக்கவில்லை.