பற்றும் நடுநிலையும்: அணி, குடும்பம், கட்சி, பந்தயம்

தன் அணி, தன் வீடு, தன் கட்சி என்று ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது அறமாகுமா என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. நீதி எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கச் சொல்கிறது. உலகமோ சிலரிடம் கூடுதலாகவும் மற்றவரிடம் குறைவாகவும் அன்பு வைப்பவர்களால் நடக்கிறது. திருக்குறள் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரத்தையும் சுற்றந்தழாலுக்கு இன்னோர் அதிகாரத்தையும் ஒதுக்கியிருக்கிறது. இரண்டில் எதையும் தள்ளிவிடவில்லை. இவை எங்கே ஒத்துப்போகும், எங்கே மோதும் என்பதை நான்கு பற்றுகளை வைத்துப் பார்க்கலாம்: விளையாட்டு அணி மீதுள்ள பற்று, குடும்பப் பற்று, கட்சிப் பற்று, ஒருவர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட இலக்கின் மீதுள்ள பற்று. கடைசி வகைக்கு, வேலைக்குப் போய்க்கொண்டே, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பந்தயத்துக்குத் தயாராகும் அமெச்சூர் வீரர் நல்ல உதாரணம்.

நடுநிலையின் பக்கம் நின்று மிகக் கறாராக வாதிட்டவர் இங்கிலாந்தின் வில்லியம் காட்வின். 1793இல் வெளிவந்த தம் அரசியல் நீதி நூலில் அவர் ஒரு தீ விபத்தைக் கற்பனை செய்தார். எரியும் மாளிகைக்குள் பேராயர் ஃபெனலோனும் ஒரு பணிப்பெண்ணும் சிக்கியிருக்கிறார்கள். ஒருவரைத்தான் வெளியே கொண்டுவர முடியும். ஃபெனலோனின் எழுத்தால் ஆயிரக்கணக்கானோர் பயன்பெறுவார்கள் என்பதால் அவரைத்தான் காப்பாற்ற வேண்டும். அந்தப் பணிப்பெண் காப்பாற்ற வந்தவரின் தாயாகவே இருந்தாலும் முடிவு மாறக் கூடாது என்றார் காட்வின். இருபதாம் நூற்றாண்டில் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் இந்த வகைக் கணக்கை மறுத்தார். தண்ணீரில் மூழ்கும் மனைவியைக் காப்பாற்றக் கணவன் பாய்கிறான் என்றால், அவள் மனைவி என்பதே போதும். அறம் இதற்கு இடம் தருகிறதா என்று அவன் அதற்கு மேலும் யோசித்தால் அந்த யோசனை வேண்டாதது என்பது அவர் வாதம்.

அமெரிக்கத் தத்துவவாதி ஜோசையா ராய்ஸ் 1908இல் பற்றையே அறத்தின் மையத்தில் வைத்தார். கொள்ளைக் கூட்டத்துக்குள்ளும் பற்று உண்டே என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை இது: பிறர் தங்கள் பற்றோடு வாழ இடம் தரும் பற்று நல்லது, அதை அழிக்கும் பற்று தீயது. பயனுள்ள விதிதான். ஆனால் எல்லாப் பற்றையும் அது ஒரே தராசில் நிறுக்கிறது. அணி, வீடு, கட்சி, பந்தயம் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஒன்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஒன்றுக்கு உரிய நீதியை இன்னொன்றில் கொண்டுபோய் வைக்கும் இடத்தில்தான் பற்று வெறியாகிறது.

அணி

ரசிகர் தன் அணியை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்த ஊர், அப்பாவோ அண்ணனோ பார்த்த ஆட்டம், சிறு வயதில் பிடித்துப்போன ஒரு வீரர் என்று ஏதோ ஒன்று அவரை இழுத்துப் போட்டுவிடுகிறது. அதன் பிறகு அணி தோற்றாலும் அவர் மாறுவதில்லை. ஜெயிக்கிற பக்கம் தாவுகிறவரை மற்ற ரசிகர்கள் மதிப்பதும் இல்லை. இதில் ஒரு மதத்தன்மை இருப்பதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் எழுதிய நூலில், ஒரு குலம் ஒன்றுகூடி ஆடிப் பாடும்போது பொங்கும் கூட்டு எழுச்சியே சமயத்தின் ஊற்று என்றும், குலச்சின்னத்தில் மக்கள் வணங்குவது தங்கள் சமூகத்தைத்தான் என்றும் வாதிட்டார். அரங்கில் மஞ்சளோ நீலமோ உடுத்தி ஒரே குரலில் கத்தும் கூட்டத்துக்கு இந்த விளக்கம் பெருமளவு பொருந்தும்.

இந்த எழுச்சி கண்ணையும் மறைக்கும். 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு அமெரிக்கக் கல்லூரிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்தாட்டம் முரட்டுத்தனமாக நடந்தது. பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பிறகு ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகளாக டார்ட்மத் மாணவர்கள் கண்டதைப் போல் இரு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். படச்சுருள் ஒன்றுதான்.

அப்படியென்றால் சார்பில்லாமல் பார்ப்பதே சரியா? தத்துவவாதி ஸ்டீபன் மம்ஃபர்ட் அந்தப் பக்கம் சாய்கிறார்: யார் ஜெயித்தால் என்ன என்று பார்ப்பவருக்கே ஆட்டத்தின் அழகு முழுதாகத் தெரியும் என்பது அவர் கருத்து. இன்னொரு தத்துவவாதி நிக்கலஸ் டிக்சன் 2001இல் எழுதிய கட்டுரையில் நடுவழி ஒன்றைச் சொன்னார். நல்ல ரசிகர் தன் அணியை விட்டுப் போகமாட்டார்; ஆனால் அந்த அணி அழுகுணி ஆட்டம் ஆடினால் அதற்குக் கைதட்டவும் மாட்டார்.

இந்த நடுவழி நடக்கக்கூடியதே என்பதற்குச் சென்னையின் சேப்பாக்கம் மைதானம் சாட்சி. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணி டெஸ்ட் தொடருக்காக இந்தியா வந்தபோது, எதிர்ப்புத் தெரிவித்த சிவசேனையினர் டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சென்னையில் இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய சச்சின் டெண்டுல்கர் 136 ரன்னில் அவுட்டானபோது தேவைப்பட்டவை 17 ரன்கள் மட்டுமே. மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கு ரன்களுக்குள் சரிந்தன. இந்தியா 12 ரன்களில் தோற்றது. அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அதை ஏற்றுக்கொண்டார்கள். அன்று கைதட்டிய யாரும் இந்திய அணியைக் கைவிட்டவர்கள் இல்லை. அணிப் பற்று பதில் சொல்ல வேண்டியது ஆட்டத்துக்கு. அதை அந்தக் கூட்டம் அறிந்திருந்தது.

குடும்பம்

குடும்பப் பற்றில் சிக்கல் ஆழமானது, ஏனென்றால் இங்கே பணயம் வைக்கப்படுவது உயிரும் நீதியும். தமிழ் மரபில் இதன் எல்லைக்கல் மனுநீதிச் சோழன் கதை. திருவாரூரில் இளவரசன் ஓட்டிய தேரால் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடிக்க, அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். கன்பூசியஸின் உரையாடல் தொகுப்பு எதிர்த் திசையில் போகிறது. ஆடு திருடிய தகப்பனைக் காட்டிக்கொடுத்த மகனின் நேர்மையை ஒரு பிரபு மெச்சியபோது, தம் ஊரில் தகப்பன் மகனையும் மகன் தகப்பனையும் மறைப்பார்கள், நேர்மை அதிலேயே இருக்கிறது என்றார் கன்பூசியஸ். பிளேட்டோவின் யூதிஃப்ரோவில், கூலியாள் ஒருவனைச் சாகவிட்ட தன் தந்தை மீது மகனே கொலை வழக்குத் தொடுக்க வருகிறான். பக்தி எது என்று தனக்குத் தெரியும் என்ற அவனுடைய நிச்சயத்தைச் சாக்ரடீஸ் கேள்வி கேள்வியாய்க் கேட்டுக் கலைக்கிறார்.

இவை முரண்படுவது போல் தோன்றினாலும் பேசும் இடம் வேறு. சோழன் அந்தக் கணத்தில் நீதிபதி. அந்த ஆசனத்தில் அமர்ந்தவனுக்கு மகன் என்று தனி ஆள் கிடையாது. ஆடு திருடியவனின் மகனுக்கு அப்படி ஒரு ஆசனம் இல்லை. தகப்பனைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது ஒன்று. அதிகாரத்தில் இருந்துகொண்டு தன் பிள்ளைக்கு அடுத்தவன் வேலையை வாங்கிக் கொடுப்பது வேறொன்று. முன்னதைக் கன்பூசியஸ் ஏற்றார் என்பதால் பின்னதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

துறவை உயர்த்திய சமயங்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. கைக்குழந்தையை விட்டுப் போன சித்தார்த்தர், புத்தராகித் திரும்பிய பின் அந்த மகன் ராகுலனையும் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். பாட்டனார் சுத்தோதனர் மனம் நொந்து முறையிட, பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளைக்கும் துறவு தரக் கூடாது என்ற விதி ஏற்பட்டதாக விநய நூல் கூறுகிறது. ஒருவர் எவ்வளவு உயர்ந்த இலக்கைத் தேடிப் போனாலும் அதற்கு விலை கொடுப்பவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு அந்த விதி ஒரு சான்று. குடும்பப் பற்று பதில் சொல்ல வேண்டியது அந்தந்த மனிதரின் நன்மைக்கு.

கட்சி

அணியின் இயல்பு மிக எளிதாகப் புகுந்துவிடும் இடம் அரசியல். கி.பி. 532இல் கான்ஸ்டான்டிநோபிளில் தேர்ப்பந்தய ரசிகர்களான நீலரும் பச்சையரும் கைகோத்துப் பேரரசர் ஜஸ்டினியனுக்கு எதிராகக் கிளம்பினார்கள். நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. பந்தய அரங்கில் படை புகுந்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கொன்றதாக வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதினார். அரசியல்வாதிகள் தாங்களே இதை உள்ளே கொண்டுவருவதும் உண்டு. 1990இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி நார்மன் டெபிட், குடியேறிய ஆசியர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை நாட்டுப்பற்றுக்குச் சோதனையாக வைத்தார். வரி கட்டி, சட்டத்தை மதித்து, ஓட்டுப் போடும் ஒருவரின் குடியுரிமையை அவருடைய ஞாயிற்றுக்கிழமை ரசனையால் அளப்பது அணியின் நீதியை அரசியலில் திணிப்பதாகும்.

கட்சிப் பற்று வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் திருமணம் செய்தால் வருத்தப்படுவோம் என்று 1960இல் சொன்ன அமெரிக்கர்கள் ஏறத்தாழ 5 சதவீதம். 2010இல் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறையப் பாதியினரும் அப்படிச் சொன்னார்கள். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுவதை அறிந்த சமூகங்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல.

ஆனாலும் கட்சி இல்லாமல் ஜனநாயகம் நடக்காது. ஆகவே பற்றின் அளவே இங்கே கேள்வி. பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் 1774இல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், பிரதிநிதி தம் சொந்த அறிவை யாருக்கும் அடகு வைக்கக் கூடாது என்ற பொருளில் பேசினார். இந்தியா வேறு வழியில் போனது. காசுக்கும் பதவிக்கும் தாவுவதைத் தடுக்க 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கலாம். தமிழ்நாட்டில் 2017 செப்டம்பரில் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் இச்சட்டத்தின் கீழ் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். தாவலை அடக்கும் அதே விதி மனசாட்சியையும் அடக்கக்கூடும். ரசிகர் அணி மாறாமல் இருப்பது பெருமை. குடிமகன் எந்த உண்மை வெளிவந்தாலும் கட்சி மாறாமல் இருப்பது பெருமை ஆகாது. கட்சிப் பற்று பதில் சொல்ல வேண்டியது கட்சிக்கு வெளியே இருப்பவர்களுக்கும் சேர்த்து.

பந்தயம்

டிரையத்லானின் நீண்ட வடிவமான அயர்ன்மேன் பிறந்ததே ஓர் அணிச் சண்டையில்தான். 1977இல் ஹவாயின் ஓவாஹு தீவில் ஒரு தொடர் ஓட்டத்தின் பரிசளிப்பு விழாவில், யாருக்கு உடல்வலு அதிகம் என்று ஓட்டக்காரர்களும் நீச்சல்காரர்களும் வாக்குவாதம் செய்தார்கள். கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், தீவில் தனித்தனியாக இருந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் பந்தயப் பாதைகளை ஒன்றாக்கிவிடலாம் என்றார். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் இறங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள். 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. சைக்கிள் மிதித்து, 42.2 கி.மீ. ஓட வேண்டும் என்றதும் வாக்குவாதம் அர்த்தமற்றுப் போனது.

தேவையில்லாத தடைகளை மனமுவந்து ஏற்றுத் தாண்டுவதே விளையாட்டு என்று தத்துவவாதி பெர்னார்ட் சூட்ஸ் அதே 1978இல் வெளியான நூலில் வரையறுத்தார். பரிசுக்கு வாய்ப்பே இல்லாத அமெச்சூர் வீரர் இந்த வரையறைக்கு அச்சாகப் பொருந்துகிறார். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் தொடை தன் பேச்சைக் கேட்காது; மூச்சு தயாராக இருந்தாலும் அடி சின்னதாகவே விழும். பதினேழு மணி நேரத்துக்குள் முடிவுக்கோட்டைத் தொட வேண்டும் என்பதே அவருக்கு முன் இருக்கும் கணக்கு. இங்கே சுயஏமாற்றுக்கு இடம் குறைவு என்பதால் இதை ஒரு தவம் போல் கருதுவோர் உண்டு.

ஆனால் தவத்துக்கு நேரம் எங்கிருந்தோ எடுக்கப்படுகிறது. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலான பயிற்சி விடியற்காலையிலும் விடுமுறை நாளிலும்தான் நடக்கும். அந்நேரத்தில் பால் காய்ச்சுவதும், பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவதும் வீட்டில் இன்னொருவர் தலையில் விழுகின்றன. சுத்தோதனர் கேட்ட சம்மதம் இங்கேயும் தேவைப்படுகிறது. இலக்கும் வீடும் ஒன்றாகவே ஓடியதும் உண்டு. அமெரிக்காவின் டிக் ஹாய்ட், பெருமூளை வாதத்தால் நடக்க முடியாத மகன் ரிக்கைப் படகில் வைத்து இழுத்து நீந்தினார். சைக்கிளில் ஏற்றி மிதித்தார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடினார். 1977இல் மகன் கேட்டுக்கொண்டதால் தொடங்கிய ஓட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயங்களாக நீண்டது.

குடும்பப் பற்றும் நட்பும் பந்தயத்துக்குள் எந்த அளவு வரலாம் என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. 2016இல் மெக்சிகோவின் கோஸுமெலில் முன்னணியில் ஓடிய ஜானி பிரவுன்லீ கடைசிக் கட்டத்தில் வெயிலில் துவண்டு தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர், வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் தாங்கி இழுத்துவந்து, கோட்டுக்கு அப்பால் தனக்கு முன்பாகத் தள்ளிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஸ்கூமன் முந்திச் சென்று வென்றார். 2019இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் முன்னோட்டப் போட்டியில், முன்னணியில் வந்த ஜெசிகா லியர்மன்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் இருவரும் கைகோத்துக் கோட்டைக் கடந்தார்கள். வேண்டுமென்றே சமநிலையில் முடித்ததாக இருவரும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். முன்னதில் அண்ணன் தன் இடத்தைத் தியாகம் செய்தார். விழப்போகிற மனிதனின் தேவை முன்னே நின்றது. பின்னதில் இருவருக்கும் வலு இருந்தது. பந்தயம் தீர்மானிக்க வேண்டியதை நட்பு தீர்மானித்தது.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பற்றைச் சோதிக்க ஒரே விதி போதாது என்பது தெளிவாகும். அணிப் பற்றுள்ளவர் எதிரணியின் நல்ல ஆட்டத்தை ஒப்புக்கொள்கிறாரா, குடும்பப் பற்றுள்ளவர் பதவியில் அமரும்போது உறவை வாசலில் நிறுத்துகிறாரா, கட்சிப் பற்றுள்ளவர் தன் தரப்பின் தவறைக் கண்டு நிலையை மாற்றிக்கொள்ள முடிகிறதா, இலக்குப் பற்றுள்ளவர் அதன் செலவைச் சுமப்பவர்களின் சம்மதத்தைக் கேட்டாரா என்பவை அந்தந்த இடத்துக்குரிய சோதனைகள். காட்வின் கேட்ட முழு நடுநிலை நீதிபதிக்கும் ஆட்ட நடுவருக்கும் பொருந்தும். மற்றவர்களிடம் அறம் கேட்பது, தாங்கள் எந்த இடத்தில் நின்று சாய்கிறோம் என்பதை அறிந்து சாய்வதைத்தான்.