நம்பும் உரிமை

ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி எழுதிய கட்டுரை ஒரு கப்பல் முதலாளியிடம் தொடங்குகிறது. கப்பல் பழையது, பழுதுபார்க்கப் பணம் பிடிக்கும். இத்தனை முறை போய்வந்த கப்பல்தானே, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் மனமார நம்பினார் என்பதை கிளிஃபர்ட் மறுக்கவில்லை. அப்படி நம்ப அவருக்கு உரிமையே இல்லை என்கிறார். கப்பல் பத்திரமாகத் திரும்பியிருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

அமெரிக்காவில் 2004இல் வகுக்கப்பட்ட இலகுரக விளையாட்டு விமானப் பிரிவுக்கு நம்ப உரிமை உண்டா என்ற இந்தக் கேள்வி அளந்து தைத்ததுபோல் பொருந்துகிறது. அன்றைய விதிப்படி அதிகபட்சம் இரண்டு இருக்கை, 600 கிலோ எடை. அதில் பரிசோதனை வகை விமானம் வைத்திருப்பவர் 16 மணி நேரப் பயிற்சி முடித்தால், தன் விமானத்தின் வருடாந்திரச் சோதனையைத் தானே செய்து கையெழுத்திடலாம். முதலாளி, மெக்கானிக், விமானி, நீதிபதி எல்லாம் ஒரே ஆள். கிளிஃபர்டின் முதலாளி கரையில் நின்றார், இவர் விமானத்தில் ஏறுகிறார். அதனால் 'என் உயிர், என் பாடு' என்பார்கள். பக்கத்து இருக்கையை மறந்தால்தான் இந்த வாதம் நிற்கும். கீழே உள்ள ஊரையும் மறக்க வேண்டும்.

ஊர் என்றதும் எரிபொருள் வருகிறது. 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலின் பெயரிலேயே 'குறைந்த ஈயம்' இருக்கிறது; ஆனால் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் அனுமதி. அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996இலேயே தடையாகிவிட்டது. பிஸ்டன் விமானங்களின் ஈயப் புகை மக்கள் நலத்துக்கு ஆபத்து என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2023இல் முறைப்படி அறிவித்தது. வேறு எண்ணெயில் ஓடாத பெரிய இன்ஜின்காரர்கள் வழியில்லை என்று சொல்லலாம். இலகுரக விமானங்களில் பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912 வகை இன்ஜினுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஈயமில்லாத நல்ல ஆக்டேன் பெட்ரோலே அதற்கு உகந்தது. இன்ஜினுக்கும் ப்ரொப்பெல்லர் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் ஈயக் கசடு இரண்டையும் தொடுகிறது. ஈயப் பெட்ரோலை அதிகம் ஊற்றுபவர்கள் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பது அதனால்தான். வடிகட்டியில் கசடைப் பார்த்து மாற்றுகிறோம்; புகையாகப் போனதை யார் பார்க்கிறார்கள்?

அடிக்கடி சோதிக்கச் சொன்னால், ஓடுகிற வண்டியை நோண்டாதே என்பது பலமான மறுப்பு. தேவையில்லாமல் கழற்றி மாட்டிய கையாலேயே பழுது வருவதுண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்ப்பது வேறு, நோண்டுவது வேறு. ரோட்டாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் முன், சுவிட்சுகளை அணைத்து, ப்ரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆயில் தொட்டியில் 'களக்' என்று காற்று கொப்பளிக்கும் வரை. அதற்கு முன் அளவுக் குச்சி காட்டுவது பொய். எதையும் கழற்றாத வேலைதான் இது. செய்யாதவருக்குத் தன் ஆயிலைப் பற்றி இருப்பது வெறும் ஆசை.

முழு நிச்சயத்துக்குக் காத்திருந்தால் வாழ முடியாது என்று தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1896இல் கிளிஃபர்டுக்குப் பதில் சொன்னார். ஆனால் சான்றால் தீர்க்க முடியாத கேள்விகளுக்குத்தான் அவர் சலுகை கேட்டார். ஆயிலின் அளவு அந்த வகையில் சேராது. ஈயமில்லாத சாலைப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கும், பழைய ரப்பர் குழாயையும் டேங்கையும் அரிக்கும் என்ற அச்சமும் சேராது. அச்சம் நியாயமானது, ஆனால் தீர்க்கக்கூடியது. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், மேலே பெட்ரோல். மூடிக் குலுக்கி, தெளியும் வரை வைத்தால் போதும். தண்ணீர் மட்டம் முதலில் நின்ற கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் எத்தனால் இருக்கிறது. எவ்வளவு வரை தாங்கும் என்பதற்கு இன்ஜின் கையேடு மட்டும் போதாது, விமானத்தின் கையேட்டையும் புரட்ட வேண்டும்.