பதிலுக்குக் காத்திருப்பவர்

பொதட்டூர்பேட்டையில் தறிக்குப் பாவு வாங்கப் போனால் முதலாளி முதலில் கேட்பது, "என்னம்மா, பொண்ணுக்கு வரன் அமைஞ்சுதா?" அன்பாகத்தான் கேட்கிறார். பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் நோட்டுக்குப் போய்விடும். அவர் மகனுக்கு முடிவாச்சா என்று நான் கேட்டால் கடையே திரும்பிப் பார்க்கும். கூலி ஏறுமா என்பது அப்புறம்தானே!

சுவாமிமலையில் சிவன் சீடனாக உட்கார்ந்து, பெற்ற பிள்ளையிடமே பிரணவத்துக்குப் பொருள் கேட்டார். தெரியாமல் கேட்டாரோ, விளையாட்டோ, பதிலுக்காகக் காதைக் கொடுத்தாரே. விசாரிப்பு அன்பா அதிகாரமா என்பது அந்தக் காதில் இருக்கிறது என்பேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படி ஏறினேன். பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார் முதலாளி. "பையனுக்கு முடிவாச்சாங்க?" என்றேன். ஜாதகத்தில் தொடங்கி சம்பந்தி வீட்டுச் சண்டைவரை சொன்னார்.